அந்நியப் படை வெளியேறினால் வியாபாரிக்கு என்ன?

கிராண்ட்பாஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று நமது பிள்ளைகளிடம் கேட்டால் பலருக்குத் தெரியாது. களனி கங்கையைப் படகில் கடந்த பெரிய துறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் அது. 'பெரிய கடவை' என்பது பொருள். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க நீர்கொழும்பிலிருந்து தரைவழியாக வந்த ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்ததும் இந்தப் பகுதியில்தான். வேற்று நாட்டுப் படைகள் வருவதையும் போவதையும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்த ஊர் இது.

இந்த ஊரின் தேநீர்க் கடையொன்றில் ஒரு மாலை பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அருகில் உள்ள தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அமெரிக்காக்காரன் ஈராக்க விட்டுப் போறானாம். போனா போகட்டுமே, நமக்கு அதால என்ன நானா?"

நல்ல கேள்வி. அவர் அன்று முழுவதும் தைத்து அடுக்கிய பெட்டிகளில் ஒரு பகுதி ஈராக்குக்குத்தான் போகிறது. அண்மைய ஆண்டுகளில் இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளின் பட்டியலில் ஈராக் முன்னணியில் நிற்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஈராக்கிலிருந்து பதில் தேடத் தேவையில்லை. நமது சொந்த நாட்டிலேயே ஒரு பெரிய வெளிநாட்டுப் படை வந்து, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் இருந்து, திரும்பிப் போயிருக்கிறது. அந்தக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தலைவர்களின் கணக்கு

ஒரு நாட்டுத் தலைவர் வெளிநாட்டுப் போரிலிருந்து படையை ஏன் திருப்பி அழைக்கிறார்? சமாதானத்தின் மீதுள்ள ஆசை என்று மேடையில் சொல்வார்கள். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். முதலாவது, செலவு. தூர நாட்டில் ஒரு சிப்பாயை வைத்திருக்க உணவு, எரிபொருள், போக்குவரத்து, மருத்துவம், ஓய்வூதியம் என்று பல மடங்கு பணம் போகும். இரண்டாவது, தேர்தல். சவப்பெட்டிகள் ஊருக்கு வரத் தொடங்கினால் வாக்குகள் போகத் தொடங்கும். மூன்றாவது, படை நிற்கும் நாட்டின் அரசே "போதும், போங்கள்" என்று சொல்லிவிடுவது.

இலங்கையில் இந்த மூன்றும் ஒன்றாக நடந்தன.

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே இந்திய அமைதி காக்கும் படை வடக்கில் இறங்கத் தொடங்கியது. ஆயுதங்களைக் களைவதற்கென்று வந்த படை, அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் முழு அளவிலான போரில் இறங்கியது. உச்சக்கட்டத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வடக்கு, கிழக்கில் இருந்தார்கள். சுமார் 1,200 பேரை இந்தியா இழந்தது. செலவு ஆயிரம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

1989 ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரணசிங்க பிரேமதாச, அந்த ஆண்டு ஜூன் முதலாம் திகதி பகிரங்கக் கூட்டத்தில் ஜூலை 29க்குள் இந்தியப் படை போய்விட வேண்டும் என்று அறிவித்தார். ராஜீவ் காந்தி இணங்கவில்லை. இழுபறிக்குப் பின் செப்டம்பரில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ராஜீவ் தோற்று, வி.பி. சிங் பிரதமரானார். புதிய அரசுக்கு இந்தப் போர் பழைய அரசின் கடன். அதை இழுத்துக்கொண்டு போக அவர்கள் விரும்பவில்லை. 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது.

டில்லியில் ஒரு செலவுக் கணக்கு மூடப்பட்டது. கொழும்பில் இறைமை மீண்டது என்ற திருப்தி. அரசியல்வாதிகளின் பேரேட்டில் இரண்டு பக்கமும் இலாபம். சந்தையின் பேரேட்டில் எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

வெங்காய மூட்டையில் ஏறிய அரசியல்

படை இருந்த காலத்திலேயே அதன் விலையைக் கொழும்பு வியாபாரிகள் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியப் படைக்கு எதிரான உணர்வைப் பயன்படுத்திக்கொண்ட ஜே.வி.பி., 1989இல் இந்தியப் பொருட்களை விற்கவும் வாங்கவும் கூடாது என்று உத்தரவிட்டது. அது வெறும் வேண்டுகோள் அல்ல. மீறியவருக்கு உயிர் அச்சுறுத்தல் இருந்த காலம் அது. புறக்கோட்டை மொத்த வியாபாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான்காம் குறுக்குத் தெருவின் உயிர்நாடி வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய், பருப்பு. 'பம்பாய் வெங்காயம்' என்று பெயரிலேயே இந்தியாவைச் சுமந்த சரக்கை விற்பதே ஆபத்தான விடயமாயிற்று. பார்மசிகளில் இந்திய மருந்துகளுக்கும் இதே நிலைதான்.

மறுபுறம் யாழ்ப்பாணத்தில் வேறொரு வியாபாரம் நடந்தது. அன்றைய இந்தியாவில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இங்கேயோ 1977 முதல் திறந்த பொருளாதாரம். ஜப்பானிய ரேடியோ, தொலைக்காட்சி, கைக்கடிகாரம் எல்லாம் சாதாரணமாகக் கிடைத்தன. விடுமுறையில் ஊர் போகும் சிப்பாய்கள் அவற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். படை எங்கே முகாமிட்டாலும் அதைச் சுற்றி ஒரு சந்தை உருவாகும். அது வந்த வேகத்திலேயே கலையவும் செய்யும். அந்தச் சந்தையை நம்பிக் கடன் எடுத்துக் கடை போடுகிறவர், படை போகும் நாளை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியப் படை இருந்த காலம் நல்ல காலம் என்று இங்கே சொல்ல வரவில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை அந்த மண் மறக்காது. படை போகத்தான் வேண்டியிருந்தது. எப்படிப் போனது, போகும்போது எதை விட்டுச் சென்றது என்பதே நமது கேள்வி.

எண்பது நாட்கள்

படை ஒரேயடியாகப் போகவில்லை. கிழக்கில் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முதலில் விலகி, கடைசியாகத் திருகோணமலையை விட்டது. விலகிய இடமெல்லாம் புலிகளின் கைக்குப் போனது. மாகாண சபையைப் பாதுகாக்க என்று இந்தியாவின் ஆதரவில் அவசரமாகத் திரட்டப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவம் சரிந்து, அதன் ஆயுதங்களும் புலிகளிடமே சேர்ந்தன. முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்குப் போய்விட்டார். இந்தியப் படையை வெளியேற்றும் அவசரத்தில் பிரேமதாச அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்த செய்தியும் பின்னர் வெளிவந்தது.

கடைசிக் கப்பல் போய் எண்பது நாட்கள் ஆகவில்லை. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சூழப்பட்டன. சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு. சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எனப் பரவி, 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெரு வரை வந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75 ஆயிரம் பேர், கையில் சில நூறு ரூபாயோடு வெளியேற்றப்பட்டார்கள்.

இதன் வியாபாரப் பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான், லொறி உதிரிப் பாகம், நகை, தையல், இறைச்சி எனப் பல தொழில்களில் தலைமுறைகளாக நின்றவர்கள் அவர்கள். இரண்டு மணித்தியாலத்தில் கடையை எடுத்துக்கொண்டு போக முடியாது. கடையோடு சரக்கு போயிற்று. சரக்கோடு கடன் கொப்பியும் போயிற்று. ஊரில் யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிவைத்த கொப்பி இல்லாத வியாபாரி யாரிடம் போய்க் கேட்பார்? அவருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிய கொழும்பு மொத்த வியாபாரி அவரிடம் எப்படிக் கேட்பார்? ஒரு கடை மூடும்போது அதன் பின்னால் ஒரு சங்கிலியே அறுந்து போகிறது.

காணி உறுதிகளும் அப்படியே. நமது நாட்டுச் சட்டப்படி, பிறருடைய காணியை ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரலாம். விரட்டப்பட்டவரின் காணியில் வேறொருவர் பத்து ஆண்டுகள் இருந்தால் என்ன செய்வது? இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக ஒரு விசேட சட்டம் 2016இல்தான் வந்தது. 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போரால் தமது காணிக்குப் போக முடியாதவர்கள், சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம் என்றது அது. வெளியேற்றம் நடந்தது 1990இல். சட்டம் வந்தது 26 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கிடையில் புத்தளத்தில் முகாம் பிள்ளைகள் வளர்ந்து, மணம் முடித்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

1987 உடன்படிக்கையைப் பேசிய மேசையில் முஸ்லிம்கள் இருக்கவில்லை. கிழக்கின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்தும், வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் முடிவு அவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டது. 1989இல் படை விலகும் பேச்சு நடந்த மேசையிலும் அவர்கள் இல்லை. வந்தபோதும் கேட்கப்படவில்லை, போனபோதும் கேட்கப்படவில்லை. ஆனால் பில் வந்து சேர்ந்தது அவர்களிடம்தான். படையை விலக்கும் தலைவர் தமது திறைசேரிக்கு மிச்சம்பிடிக்கும் பணம் காற்றில் கரைந்துபோவதில்லை. அந்தச் செலவு, மேசையில் இல்லாத யாரோ ஒருவரின் கணக்குக்கு மாற்றப்படுகிறது.

கையெழுத்திட்ட தலைவர்களும் தப்பவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். படையை அனுப்பிய ராஜீவ் காந்தி 1991 மே 21இல் கொல்லப்பட்டார். வெளியேறச் சொன்ன பிரேமதாச 1993 மே தினத்தன்று, நமது கிராண்ட்பாஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆமர் வீதிச் சந்தியில் கொல்லப்பட்டார்.

படை போனது, எண்ணெய்த் தாங்கி நின்றது

இனி, போகாமல் நின்றவற்றைப் பார்ப்போம். ஜூலை 29 உடன்படிக்கையோடு இரு தலைவர்களும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகப் புனரமைத்து இயக்குவது என்பது அந்தக் கடிதங்களில் இருந்த ஒரு விடயம். சிப்பாய்களைப் பற்றிய பேச்சில் அன்று இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

படை 1990இல் போய்விட்டது. கடிதம் போகவில்லை. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. இங்கே தொழிலைத் தொடங்கியது. அதன் எரிபொருள் நிலையங்களில் இன்று நாம் பெற்றோல் அடிக்கிறோம். 2022 ஜனவரியில் மீண்டும் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. மொத்தம் 99 தாங்கிகளில் 14 ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு. 1987இல் எழுதிய ஒரு வரி, 35 ஆண்டுகள் கழித்து வியாபாரமாக மாறியது.

வர்த்தகமும் அப்படித்தான் திரும்பியது. 1989இல் பகிஷ்கரிக்கப்பட்ட இந்தியப் பொருளுக்கு, 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை வாசலைத் திறந்தது. ஆக, படை போவதோடு நாடுகளின் உறவு முடிவதில்லை. சிப்பாய் போகிறார். ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்பதில்தான் பின்னால் வருவது தங்கியிருக்கிறது.

காபூல் சொல்லும் பாடம்

இதற்கு உலகம் தந்த தெளிவான உதாரணம் ஆப்கானிஸ்தான். அந்த நாட்டை விட்டு இரண்டு வல்லரசுகள் வெளியேறியிருக்கின்றன.

முதலில் சோவியத் யூனியன். சுமார் 15 ஆயிரம் சிப்பாய்களைப் பறிகொடுத்த போரை முடிக்க மிகையில் கொர்பச்சேவ் முடிவு செய்தார். 1988 ஏப்ரலில் ஜெனீவாவில் உடன்படிக்கை. 1989 பெப்ரவரி 15இல் கடைசிச் சிப்பாய் எல்லை தாண்டினார். காபூலில் நஜிபுல்லாவின் அரசு சில மாதங்களில் விழும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். விழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றது. காரணம், சிப்பாய்கள் போன பின்னும் மொஸ்கோவிலிருந்து பணமும் கோதுமையும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தன. சோவியத் யூனியனே கலைந்து அந்த உதவி நின்றது. 1992 ஏப்ரலில் நஜிபுல்லாவின் அரசும் முடிந்தது.

அடுத்தது அமெரிக்கா. 2020 பெப்ரவரியில் ட்ரம்பின் அரசு தோஹாவில் தாலிபான்களுடன் உடன்படிக்கை செய்தது. அந்த மேசையில் அன்றைய காபூல் அரசு இல்லை. ஜோ பைடன் திகதியை அறிவித்தார். 2021 ஓகஸ்ட் 15இல், கடைசி விமானம் கிளம்பும் முன்னரே, காபூல் விழுந்தது. உடனே ஆப்கானிஸ்தான் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த சுமார் 700 கோடி டொலர் முடக்கப்பட்டது. வங்கிகளில் மக்கள் தமது சொந்தப் பணத்தையே வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கும் காபூல் வியாபாரிக்கு டொலர் அனுப்ப வழி இல்லை. யாருடைய ஆட்சி நல்லது என்பது வேறு விடயம். அரிசி, மா, மருந்து வாங்கும் சாதாரண மனிதரே அந்த முடக்கத்தின் சுமையைத் தூக்கினார்.

சிப்பாய் போய்ப் பணம் தொடர்ந்தால் அரசு நிற்கும். சிப்பாயும் பணமும் ஒன்றாகப் போனால் சந்தையே சரியும். காபூலில் நடந்த இரண்டு வெளியேற்றங்களும் காட்டுவது இதைத்தான்.

பக்தாதின் பணம் எங்கே இருக்கிறது?

இப்போது தேயிலை ஸ்டோர் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

2003இல் படையெடுத்த அமெரிக்கா, 2008இல் ஜோர்ஜ் புஷ் செய்த உடன்படிக்கையின்படி, பராக் ஒபாமாவின் காலத்தில் 2011 டிசம்பரில் ஈராக்கை விட்டு வெளியேறியது. மூன்று ஆண்டுகள் முடியும் முன் 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது. ஈராக் அரசின் அழைப்பில் அமெரிக்கப் படை மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இரு நாடுகளும் சேர்ந்து, கூட்டணிப் படையின் பணியைக் கட்டம் கட்டமாக முடிக்கும் திட்டத்தை அறிவித்தன.

நமது ஏற்றுமதியாளர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2003 முதல் ஈராக் விற்கும் எண்ணெயின் பணம் நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையின் கணக்குக்கே போகிறது. அங்கிருந்துதான் பக்தாதுக்கு டொலர் வருகிறது. ஈராக் வியாபாரி தேயிலைக்குக் கொடுக்கும் டொலரின் ஊற்று அதுதான். 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி பக்தாதில் கொல்லப்பட்டபோது, அமெரிக்கப் படை போக வேண்டும் என்று ஈராக் பாராளுமன்றம் தீர்மானம் போட்டது. அப்படியானால் நியூயோர்க் கணக்கும் கைவிட்டுப் போகலாம் என்று வாஷிங்டன் எச்சரித்ததாகச் செய்திகள் வந்தன. படை அப்போது போகவில்லை. 2022 இறுதியில் டொலர் அனுப்பும் விதிகளை அமெரிக்கா இறுக்கியபோது, ஒரு துப்பாக்கிக் குண்டும் இல்லாமலே ஈராக் தினாரின் வெளிச்சந்தை மதிப்பு சரிந்தது.

ஆகவே "அமெரிக்கன் போனால் நமக்கு என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இது. சிப்பாய் போவதால் மட்டும் நமது பெட்டிகள் தேங்காது. ஈராக் மக்கள் தேநீர் குடிப்பதை நிறுத்தப் போவதில்லை. அந்த வெளியேற்றம் சண்டையில் முடிந்து டொலர் வரும் குழாய் அடைபட்டால், கொள்வனவாளர் நல்லவராக இருந்தாலும் பணம் வரத் தாமதிக்கும். பணம் தாமதித்தால் ஏற்றுமதியாளர் ஏலத்தில் வாங்குவதைக் குறைப்பார். அதன் பின் ஸ்டோரில் ஓவர்டைம் குறையும். பக்தாதிலிருந்து கிராண்ட்பாஸுக்கு உள்ள தூரம் அவ்வளவுதான்.

சண்டையில்லாமல் ஒரு வழியனுப்பல்

எல்லா வெளியேற்றமும் அழிவில்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். நமது பக்கத்து வீடான மாலைதீவில் அண்மையில் நடந்தது வேறு.

இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்ற கோஷத்தோடு தேர்தலில் வென்ற மொஹமட் முய்ஸு, 2023 நவம்பரில் ஜனாதிபதியானார். அங்கே இருந்தவர்கள் நூறு பேர் கூட இல்லை. இரண்டு ஹெலிகொப்டர்களையும் ஒரு சிறிய விமானத்தையும் இயக்கியவர்கள் அவர்கள். அவசர நோயாளிகளைத் தீவுகளிலிருந்து ஏற்றி வருவது அவற்றின் முக்கிய வேலை. பேச்சுவார்த்தையில் ஒரு வழி கண்டார்கள். சிப்பாய்கள் போவார்கள், இந்தியாவின் சிவில் தொழில்நுட்பவியலாளர்கள் வந்து அதே விமானங்களை இயக்குவார்கள். 2024 மே 10க்குள் அது நடந்து முடிந்தது.

இதற்கிடையில் உறவு கசந்துதான் இருந்தது. இந்தியச் சுற்றுலாப் பயணிகள் பலர் மாலைதீவுப் பயணத்தைத் தவிர்த்தார்கள். ஆனாலும் 2024 ஏப்ரலில் இந்தியா, முட்டை, அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம் முதலியவற்றை மாலைதீவுக்கு ஏற்றுமதி செய்ய விசேட அனுமதி கொடுத்தது. அப்போது இந்தியாவில் வெங்காய ஏற்றுமதித் தடை நடைமுறையில் இருந்தது. அந்தத் தடையால் நமது சந்தையில் பெரிய வெங்காயம் என்ன விலைக்கு ஏறியது என்பதைக் குடும்பத் தலைவிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாதம் நமக்கும் 10 ஆயிரம் தொன் அனுமதிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் முய்ஸு டில்லி போனபோது 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்ற வசதியும் கிடைத்தது.

1989இல் படைப் பிரச்சினை வெங்காய மூட்டையில் ஏறியது. 2024இல் படை போனது, வெங்காயம் வந்தது. 70 ஆயிரம் பேருக்கும் நூறுக்குக் குறைந்தவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாலைதீவில் போர் இருக்கவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், போகிறவரின் இடத்தில் நாளை யார் வேலை செய்வார் என்பது முதலே பேசி முடிக்கப்பட்டது. 1990இல் அது பேசப்படவில்லை.

நாம் பார்க்க வேண்டியவை

ஒரு நாட்டிலிருந்து வெளிநாட்டுப் படை விலகப் போகிறது என்ற செய்தி வந்தால், அந்த நாட்டோடு தொழில் செய்பவரும் அங்கே பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருப்பவரும் நான்கு விடயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, படை போன அடுத்த நாள் பாதை யாருடைய கையில்? லொறியை மறித்து வரி கேட்பவர் ஒருவரா, இருவரா? 2002 சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபோது, புலிகளின் சோதனைச் சாவடியில் கட்டிய வரி சரக்கின் விலையில் ஏறியதை வடக்கு வியாபாரம் செய்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, அந்த நாட்டின் டொலர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அது முடக்கப்படும் ஆபத்து இருந்தால், கடனுக்குச் சரக்கு அனுப்புவதைக் குறைக்க வேண்டும். எல்.சி.யில் அனுப்பினாலும், கொள்வனவாளரின் வங்கி தவறினால் பணம் தரும் பொறுப்பை வேறொரு நம்பிக்கையான வங்கி ஏற்கும் உறுதிப்படுத்திய எல்.சி.யாகக் கேளுங்கள். கொஞ்சம் கட்டணம் கூடும்தான். ஆனால் தூக்கம் வரும்.

மூன்றாவது, காப்புறுதி. சாதாரணத் தீக் காப்புறுதி போரால் வரும் நட்டத்துக்குப் பணம் தராது. கலகம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மேலதிகமாக எடுக்க வேண்டும். கப்பல் சரக்குக்கு யுத்த அபாயக் காப்பு தனி. பொலிஸியின் சிறிய எழுத்தை வாசிக்காமல் தவணை கட்டுவதில் பயனில்லை.

நான்காவது, பத்திரங்கள். காணி உறுதி, வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்று, கடன் கொப்பி ஆகியவற்றின் பிரதியொன்று வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கட்டும். இன்று ஒரு கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலே போதும். 1990இல் சோனகத் தெருவை விட்டு வந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இவை ஒவ்வொரு வியாபாரியும் தனியாகச் செய்யக்கூடியவை. சமூகமாகச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. படை வருவதானாலும் போவதானாலும், அது பேசப்படும் மேசையில் அங்கே வாழப்போகும் எல்லோருக்கும் ஓர் இடம் கேட்க வேண்டும். தமிழரானாலும் சிங்களவரானாலும் முஸ்லிமானாலும் இதுவே நியாயம். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. புத்தளம் வீதியில் ஒரு நாள் பயணம் செய்து, அங்கே சிறு கடை வைத்திருக்கும் வயதானவர் ஒருவரிடம் "உங்கட ஊர் எது காக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்றோ மன்னார் என்றோ பதில் வரக்கூடும். அங்கே என்ன கடை வைத்திருந்தார், எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால், அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.